அஞ்சு பேருக்கு அடித்த வில்

என் காரில் ஏறுகிறவர்களை நான் முகத்தைப் பார்த்து ஏற்றியதில்லை. இடுப்பைப் பார்த்துத்தான் ஏற்றுவேன். ஒல்லியான ஆள் என்றால் இடது பக்கம், கனத்த ஆள் என்றால் வலது பக்கம். பின்பக்கத்து இடது வில் அந்த அளவுக்கு உட்கார்ந்து போயிருந்தது.

வில் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்து, சக்கரத்து அச்சோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்தப் பட்டைகள் நெளிந்து கொடுத்தால்தான் மேலே இருக்கிறவன் முதுகெலும்பு பிழைக்கும். என் வண்டியில் நெளிவதெல்லாம் ஆட்கள்தான்.

திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் வாடகைக்கு ஓடுகிற பழைய கார் அது. துணிக் கூரை போட்டது, நான்காவது கையாக என்னிடம் வந்தது. டிரைவர் நீங்கலாக ஐந்து பேர் ஏற்றலாம் என்று சர்க்கார் காகிதம் கொடுத்திருந்தது. நான் ஏற்றுவது பத்து. பின்னால் ஐந்து, முன்னால் மூன்று, இரண்டு பக்கத்து மிதிபலகையிலும் ஒவ்வொருவர். ஊரில் எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் பயப்படாமல் ஓட்டினார்கள், நான் பயந்துகொண்டே ஓட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் எந்தப் புளியமரத்து மறைவில் நிற்பாரோ என்று கண் ரோட்டில் இருக்காது, மரத்தடியில் இருக்கும். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தக் காகிதத்தில் இங்கிலீஷில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத எழுத்தில் எழுதியதெல்லாம் எனக்கு விரோதமாகத்தான் இருக்கும் என்பது என் நினைப்பு.

வாரம் தவறாமல் என் வண்டியில் வருகிற வளையல்கார அம்மா ஒருத்தி உண்டு. கண்ணாடி வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். இறங்கியதும் பெட்டியைத் திறந்து பார்த்து, உடைந்ததை எண்ணி என் கையில் கொடுப்பாள்.

"இந்தா, உன் பங்கு. இது காரா, உரலாப்பா? ஏறி ஒக்காந்தா இடிச்சு மாவாக்கி எறக்கி விடுற."

இரண்டு தடவை அவளுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். மூன்றாம் தடவையிலிருந்து, பள்ளம் வருவதற்கு முன்னால் "அம்மா, பெட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கங்க" என்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் கீழக்குயில்குடிக்கு ஒரு கிடாவெட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனேன். பத்துப் பேர், ஒரு கிடா, பித்தளை அண்டா ஒன்று. மலையடிவாரத்து வண்டித் தடத்தில் திரும்பும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தேன். இடது வில்லின் முதல் பட்டை இரண்டாகக் கிடந்தது. மாட்டு வண்டிக் கயிற்றைப் போட்டுக் கட்டி, ஆட்களை நடக்கவைத்து, அண்டாவையும் கிடாவையும் மட்டும் கோயிலில் கொண்டுபோய் இறக்கினேன். திரும்பி வரும்போது கிடா இல்லாததால் வண்டி கொஞ்சம் நிமிர்ந்து வந்தது.

மதுரையில் மோட்டார்ச் சாமான் கடைக்காரர் விலையை ரொம்ப நிதானமாகச் சொன்னார். பின்பக்கத்துக்கு ஜோடி வில், எண்பது ரூபாய். அதுவும் சீமையில் சண்டை தொடங்கிவிட்டதால் கப்பல் வந்தால்தான் உண்டு.

"வரலேன்னா?"

"அடுத்த கப்பல் வரும். வெல அப்ப தெரியும்."

வாசலில் நின்ற இன்னொரு வண்டிக்காரர்தான் தெற்கு வெளி வீதிப் பக்கம் இருந்த பாய் பட்டறையைச் சொன்னார். பழைய லாரிப் பட்டைகளைக் காய்ச்சி, வண்டிக்கு ஏற்றபடி வளைத்து அடித்துக் கொடுக்கிற பட்டறை. ஜோடிக்கு நாற்பத்தைந்து என்றார் பாய். என்னிடம் இருந்தது எட்டு ரூபாய். மிச்சத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. அது எங்கள் கொட்டத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆன எருமை. என் மனைவி தன் பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வளர்த்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. தவிட்டைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த வில்லு எத்தனை படி கறக்கும்?"

"வண்டி ஓடுனாத்தான புள்ள நாலு காசு."

"சரி. வித்துட்டு வில்லு போடுங்க. ஆடி பொறக்குறதுக்குள்ள இந்தக் கொட்டத்துல எரும நிக்கணும். நிக்கலேன்னா, இந்தக் காரை நானே கொண்டுபோய் மாட்டுத்தாவணியில கட்டிப்புடுவேன். பல்லப் புடிச்சுப் பாத்து எவனாச்சும் வாங்கட்டும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கன்றோடு சேர்த்து ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு எருமை போனது. ஊருக்கே தெரிந்தது.

பாய் பட்டறையில் நாற்காலி கிடையாது, தரையில் இடமும் கிடையாது. தரை முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் வளைவு வளைவாகக் கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு வண்டி. சுமை அதிகம் என்றால் பட்டை கூடும், வளைவும் மாறும். கோடு முதலில், அடி பிறகு. சிவக்கக் காய்ச்சிய பட்டையைக் கோட்டின்மேல் பிடித்துப் பார்த்து, தட்டி, மறுபடி பிடித்துப் பார்த்து, கோட்டோடு ஒட்டிய பிறகுதான் எண்ணெயில் முக்குவார். அவர் பட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது கோட்டை மிதிக்காமல் எல்லோரும் ஒற்றைக் காலில் ஒதுங்குவார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் என் அடியில் கிடந்த சாமான் இப்படி நெருப்பிலிருந்து பிறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாய் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பேரு ஏறுவாங்க?"

பத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உலைக்குப் பக்கத்தில், பழைய பட்டைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கிச் சட்டையைப் பார்த்தேன். காக்கி கால்சட்டை, மடித்துவிட்ட கை, மேல் பையில் பேனா. கையில் கண்ணாடித் தம்ளரில் டீ. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரோ, இன்ஸ்பெக்டர் அனுப்பிய ஆளோ. வில் பட்டறையில் உட்கார்ந்தால் எவன் எத்தனை ஏற்றுகிறான் என்று அவனவன் வாயாலேயே தெரிந்துகொள்ளலாமே. என்ன தந்திரம்.

"அஞ்சு பேரு, பாய்."

"அஞ்சா?"

"பெர்மிட்டுல போட்டபடி அஞ்சு பேரு. அதுக்கு மேல ஒரு குஞ்சு குளுவானைக்கூட ஏத்துனதில்ல. ஏத்தவும் மாட்டேன்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காக்கிச் சட்டையும் பார்த்தது. "நெசமாவா?" என்றார் பாய்.

"அல்லா சாட்சியா" என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் பாய் தலையை ஆட்டிக்கொண்டு, குனிந்து கோடு போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் நான் செய்த காரியம் எனக்குப் புரியாமல் இல்லை. காக்கிச் சட்டை எழுந்து போனதும் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எதிர்ச்சாரியில் நின்றேன். காக்கிச் சட்டை எழுந்திருக்கவே இல்லை. உலையில் பட்டை சிவந்துவிட்டது. சரி, இரும்புதானே, அஞ்சு தாங்குவது பத்து தாங்காதா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போகிப் பண்டிகை அன்று மத்தியானம் வில் மாட்டி முடிந்தது. காலி வண்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலம் ரோட்டில் இறங்கினேன். முதல் பள்ளம் வந்தது. வழக்கம்போல் பல்லைக் கடித்து, தோளைக் குறுக்கிக்கொண்டேன். ஒன்றுமே ஆகவில்லை. அலை தூக்கி இறக்குகிற மாதிரி வண்டி ஒரு மூச்சு ஏறி இறங்கியது, அவ்வளவுதான். பள்ளத்தைத் தவறவிட்டேனோ என்று வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன். மறுபடியும் அதே சுகம். பிறகு நான் பள்ளத்தைத் தேடித் தேடி இறக்கினேன். ரோட்டோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டேன். கண்மாய்க் கரைவரை போய்த் திரும்பினோம். அவள் முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி தூரத்தில் கையை எடுத்துவிட்டாள். இறங்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"எரும மேல ஏறிப் போனாலும் இப்படித்தான் மெத்துன்னு இருக்கும்."

அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மறுநாள் பொங்கல். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. வருஷத்திலேயே வண்டிக்காரனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. விடிந்தும் விடியாமல் பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். பின்னால் வளையல்கார அம்மாவும் பெரிசுகள் நான்கு பேரும். முன்னாலும் மிதிபலகையிலுமாக மாடு பிடிக்கப் போகிற இளவட்டங்கள் ஐந்து பேர், வரிந்து கட்டிய வேட்டியோடு. "முத மாடு அவுக்குறதுக்கு முன்னாடி எங்கள அங்க எறக்கிரணும்ணே" என்றார்கள்.

கிளம்பும்போதே வண்டி ஏதோ யோசிப்பது போல் இருந்தது. கப்பலூர் தாண்டும்போது பின்னாலிருந்து உஸ் உஸ் என்று சத்தம். நான் ஏதோ பாட்டைக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினேன். திருப்பரங்குன்றத்து மலை பெரிதாகத் தெரியத் தொடங்கியபோது ரப்பர் கருகும் வாடை வந்துவிட்டது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். புது வில் இரண்டும் வளைவே இல்லாமல் பலகை மாதிரி நீட்டிக் கிடந்தன. சக்கரத்து மேல் தகடு டயரில் உட்கார்ந்திருந்தது. முட்டைமேல் படுத்த கோழிபோல் கார் ரோட்டில் படுத்திருந்தது.

"என்னண்ணே, வண்டி குத்தவச்சிருச்சு?" என்றான் மிதிபலகையில் நின்ற ஒருவன்.

ஆடி மாதமும் மாட்டுத்தாவணியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று, பட்டறையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் இளவட்டங்கள் ரோட்டில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"எருமைய வித்து வில்லு போட்டதுக்கு, எருமையவே கட்டி இழுத்திருக்கலாம்ல."

"மாப்ள, அண்ணன் நாளைக்கு எவனாச்சும் காக்கித் துணிய வெயில்ல காயப்போட்டிருந்தாலும் அதுக்கு சலாம் வைப்பாரு."

பின்னால் இருந்த பெரிசு ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "பேச்சு எதுக்கு? அஞ்சு பேரு எறங்கணும். யாரு?" என்றார்.

எல்லோரும் வளையல்கார அம்மாவைப் பார்த்தார்கள். அவள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் எறங்குனா பெட்டியும் எறங்கும். பெட்டியத் தலையில வச்சு நடந்தா அம்புட்டும் பொடி. அதுக்கு இந்தாளுதான் காசு குடுக்கணும். இருக்காப்பா உங்கிட்ட?"

இல்லை. இளவட்டங்கள் ஐந்து பேரும் தாங்களே நடப்பதாகச் சொன்னார்கள். மற்ற ஐந்து பேரை இறக்கிவிட்டு உடனே திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதாக நான் சொன்னேன்.

"இந்தா போய்ட்டு வாரேன்."

"எல்லாரும் வாரேன்னுதான் சொல்லுவாக. அங்கன போயி நீங்க மாடு பாத்துக்கிட்டு நின்னுட்டா? அந்த ஸ்டெப்னிய எறக்கி வச்சிட்டுப் போங்கண்ணே."

உபரிச் சக்கரத்தை அடமானமாக இறக்கிக்கொண்டார்கள். அதை இறக்கியதில் வண்டிக்கு நல்லதுதான். வழியில் பஞ்சர் ஆனால் என் கதி என்ன என்ற கவலை எனக்குப் புதிதாகச் சேர்ந்தது.

அந்தக் கவலையோடு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதித்ததும் கவலை பின்னால் தங்கிவிட்டது. ஐந்து பேரோடு அந்த வண்டி போன போக்கு இருக்கிறதே, அதை நான் என்ன சொல்ல. வில் நிமிர்ந்து நின்றது. சக்கரம் பள்ளத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது, மேலே இருந்த எங்களுக்கு அந்தச் சேதியே வரவில்லை. இத்தனை வருஷம் பத்துப் பேரோடு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தவன், அன்றைக்கு முன்னால் போன இரண்டு பஸ்களை ஹாரன் அடித்துத் தாண்டினேன். பெரிசு ஒருவர் என் தோளைத் தட்டி, "இன்னுங் கொஞ்சம் வெரட்டு" என்றார். அவனியாபுரத்தில் இறக்கிவிட்டு அப்படியே திருப்பினேன். காலி வண்டி பறந்தது.

எதிரே ரோட்டில் ஒரு சக்கரம் தனியாக உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஐந்து பேர் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒரே தட்டில் யார் அதிக தூரம் ஓட்டுகிறார்கள் என்று பந்தயம். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகம் வாடிவிட்டது.

"அதுக்குள்ளயா வந்துட்டீக? இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்குண்ணே."

முதல் மாடு அவிழ்ப்பதற்கு முன்னால் அவர்களைக் கொண்டுபோய் இறக்கினேன். இறங்கியவர்கள் வாய் சும்மா இருக்குமா? திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிற கூட்டத்தில் சேதி எப்படியோ பரவிவிட்டது. அஞ்சு பேரை மட்டும் ஏற்றுகிற கார், குதிரை மாதிரி போகும், குலுங்காது. மடிப்புக் கலையாத சட்டைக்காரர்கள், ஜரிகை வேட்டிக் குடும்பங்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் மற்ற வண்டிகளில் ஏறாமல் எனக்காக நின்றார்கள். கேட்காமலே அரையணா கூடக் கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்கும் அவனியாபுரத்துக்குமாக ஒன்பது நடைவரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண நேரமில்லை. அவனியாபுரத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கும்போதெல்லாம் அது எனக்காகத்தான் என்று தோன்றியது. நடுவில் ஒரு நடையில் புளியமரத்தடியில் நிஜமான பிரேக் இன்ஸ்பெக்டரே நின்றார். கையைக் காட்டினார், நிறுத்தினேன். விரலை நீட்டி எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்துதான். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். மீசை அவ்வளவு பெரிதில்லை.

சாயங்காலம் வளையல்கார அம்மா காலிப் பெட்டியோடு வந்து ஏறினாள். காலையில் பெட்டியைத் திறந்தபோது ஒன்றுகூட உடையவில்லையாம். அதை அவள் ஒரு குற்றச்சாட்டைப் போலச் சொன்னாள்.

"வாராவாரம் வெள்ளிக்கெழமையும் செவ்வாக்கெழமையும் மதுரைக்குச் சரக்கெடுக்கப் போகணும். கூட ரெண்டு வளையக்காரிக வருவாளுக. மூணு பேரு, மூணு பெட்டி. அஞ்சு பேருக்குண்டான கூலியக் குடுத்துருவோம். வேற ஆள ஏத்தாத."

"ரெண்டு பேருக்கு எடம் இருக்கேம்மா."

"அது பெட்டிக்கு. பெட்டிய மடியில வச்சு எனக்கு மடியே செத்துப்போச்சு."

மறு வாரம் பாயிடம் போனேன். சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று தோன்றியது. காக்கிச் சட்டை அதே இடத்தில் அதே டீயோடு உட்கார்ந்திருந்தார். பாய் சொல்லித்தான் தெரிந்தது, அவர் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிறவராம். பகல் ஆட்டம் தொடங்கும்வரை அனல் காய வருகிறவராம்.

நடந்ததைச் சொன்னேன். பாய் சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இங்க வர்ற வண்டிக்காரன் அம்புட்டுப் பேரும் அஞ்சுன்னுதான் சொல்லுவான். நான் காதுல வாங்காம பத்துக்கு அடிச்சுக் குடுத்துருவேன். ஒங்க மொகத்தப் பாத்துத்தான் ஏமாந்துட்டேன். பொய் சொல்றவனுக்கு இம்புட்டு வேர்க்காதுன்னு நெனச்சேன்."

பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடச் சேர்த்தால் பத்துப் பேர் தாங்கும், எட்டு ரூபாய் ஆகும் என்றார். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தார்.

"இப்பயாச்சும் நெசத்தச் சொல்லுங்க. எத்தனை பேரு?"

நான் டிக்கெட் கிழிக்கிறவரைப் பார்த்தேன். அவரும் தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு பேருதான், பாய்."

பாய்க்குக் கொடுக்காமல் மிச்சப்பட்ட அந்த எட்டு ரூபாயில்தான் எருமைக்கு முதல் முடிச்சுப் போட்டேன். ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கொட்டத்தில் எருமை நின்றது. பழைய எருமையை வாங்கினவர் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இது வேறு. நன்றாகக் கறக்கும். ஆனால் உதைக்கும், அதுவும் என்னை மட்டும். வில்லுக்கு என்ன செலவானது என்று யாராவது கேட்டால், நாற்பத்தைந்து ரூபாய் என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொள்வேன்.